ஐந்தாம் நம்பர் காற்று

நின்றுவிட்டது. இன்றைக்குப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தார்கள், மாதம் ஒருதரம் நடக்கிற பராமரிப்பு வேலைதான், புதிதில்லை, ஆனாலும் ஃபேனின் மூன்று இறக்கையும் தனித்தனியாகக் கண்ணில் பட ஆரம்பித்ததும் அண்ணாந்து பார்த்தேன். ஓடுகிறவரை அதற்கு இறக்கை இருப்பதையே யார் பார்க்கிறார்கள். ஓரத்தில் எவ்வளவு அழுக்கு, துடைத்து எத்தனை மாதமாகிறது. ஃபிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. கட்டிலுக்கடியில் என் வீட்டுக்காரருடைய காற்றுப் படுக்கைக்குக் காற்று ஊதுகிற சின்னப் பெட்டி எந்நேரமும் உறுமிக்கொண்டே இருக்கும், அதுவும் வாயை மூடிக்கொண்டது. இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலா இத்தனை நாள் குடியிருந்தோம். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றவில்லை. சட்னி அரைக்கவில்லை. போனுக்கு சார்ஜ் போடவில்லை, எடுத்துப் பார்த்தால் ஒரு கோடு சிவப்பாக நிற்கிறது. லூர்தம்மா, ஒருநாள் முன்னாடியே சொல்லியும் உனக்குப் புத்தி வரவில்லையே. வரவில்லைதான். நேற்று முழுக்க நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சாயங்காலம் வண்டி வரும். அவரைத் தூக்கிக்கொண்டுபோய் சிஸ்டர்கள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் என் பக்கத்தில் படுத்த மனுஷனை நான் அனுப்பிவைக்கிற நாள், அந்த நாளில் போய் அவருக்குக் காற்று இல்லை. போகிற அன்றைக்காவது நன்றாகக் காற்று வாங்கிக்கொண்டு படுத்திருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். போன வருஷத்து மாதா கோயில் காலண்டர் அட்டையை ஆணியிலிருந்து எடுத்து, கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விசிற ஆரம்பித்தேன்.

விசிறிப் பார்த்தால்தான் தெரிகிறது அது என்ன பாடு பட்டிருக்கிறது என்று. நூறு வீச்சுக்குள் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கிறது, அது இராப்பகலாகச் சுற்றியது, ஒருநாளும் முகம் கோணவில்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம், குழாயைத் திருகினால் தண்ணீர், குமிழைத் திருப்பினால் நீலமாகத் தீ. அதற்கெல்லாம் யாராவது நன்றி சொன்னோமா. சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் சொல்லுகிறோம், அரைத்துக் கொடுத்த மிக்சிக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நின்றால்தான் திட்டுவோம். கரண்ட்காரனைத் திட்டுவோம், பிறகு வீட்டு ஆம்பளையைத் திட்டுவோம், இன்வெர்ட்டர் வாங்கத் துப்பில்லை என்று. நான் திட்டியிருக்கிறேன். சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார். கஸ்பார் என்று பெயர், ஊரில் ஐஸ் கஸ்பார் என்றால்தான் தெரியும், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஐஸ் கம்பெனியில்தான் ஆயுசு முழுக்க வேலை. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து கொக்கி போட்டு ஐஸ் பாரை இழுத்து, தள்ளி, உடைத்து, படகுக்கு ஏற்றிவிடுகிற வேலை. பங்குனி வெயிலில் ஊரே பனைநுங்குக்கு அலையும், அவர் மட்டும் குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். வந்ததும் அடுப்படிக்குள் நுழைந்து தோசைக்கல்லுக்கு மேல் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். விரல் நுனியெல்லாம் வெளுத்து, சுருங்கி. நான் கரண்டியைக் காட்டி விரட்டுவேன், "இஞ்ச ஒரு ஆளு வேகுறது பத்தாதா, நீங்களும் வந்து நிக்கணுமா." ஃபிரிட்ஜ் வாங்கவேண்டும் என்று நான் நச்சரித்தபோது, "பகல் பூரா அதுக்குள்ளதாம்ட்டி நிக்கேன், வீட்டுக்கும் கொண்டாரணுமா" என்றார். அவர் வாயைத் திறந்து எனக்கு வேண்டும் என்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். குளிக்க வெந்நீர் ஹீட்டர். நான் சிரித்துவிட்டேன். தூத்துக்குடியில் குழாயைத் திறந்தாலே தண்ணீர் கொதிக்கிறது, இந்த ஊரில் ஹீட்டர் மாட்டிய முதல் கிறுக்கன் நீங்களாகத்தான் இருக்கும் என்றேன். அவரும் சிரித்தார். அப்புறம் கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் வந்துவிட்டது.

ஆனால் ஃபேன் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில்லை. சுவரில் கறுப்பாக ஒரு பெட்டி, நடுவில் திருகு, ஒன்றிலிருந்து ஐந்துவரை எழுதியிருக்கும், திருப்பினால் டக் டக்கென்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அவருக்கு ஒன்று. எனக்கு ஐந்து. ஐஸுக்குள் நின்றவருக்கு வீட்டிலாவது கதகதப்பு வேண்டும், அடுப்புக்கு முன்னால் நின்றவளுக்கு வீட்டிலாவது காற்று வேண்டும், இதில் யார் பக்கம் நியாயம் என்று பங்குச்சாமியாராலும் சொல்ல முடியாது. நான் ஐந்தில் வைத்துவிட்டுப் படுப்பேன். எனக்குக் கண் அசந்ததும் அவர் எழுந்து ஒன்றில் வைப்பார், டக் டக் டக் டக். நான் வேர்த்து எழுந்து திரும்ப ஐந்து. "ஏட்டி, அதைக் கொறச்சு வையி." "போத்திக்கிட்டுப் படுங்க. போத்துனா குளிரு போவும், நான் எதைக் களைஞ்சா வேக்காடு போவும்."  எங்கள் பையன் ரீகன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, மூணுல வையிங்களேன், ரெண்டு பேருக்கும் பொதுவா, என்பான். மூன்றில் வைத்தால் இரண்டு பேருமே தூங்கவில்லை. கை வலிக்கிறது. அட்டையை இந்தக் கைக்கு மாற்றினேன். இந்தச் சண்டை இப்போது இல்லை. ஐந்துதான். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அவருக்கு வாதம் அடித்ததிலிருந்து ஐந்துதான். படுக்கைக்கு நேர் மேலே ஃபேன் வருகிற மாதிரிக் கட்டிலை நகர்த்திப் போட்டேன். புண் வராமல் இருக்கக் காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கொசுவும் அண்டாது. பாவம், கிடந்த கிடையாகக் கிடக்கிறார், காற்றாவது நன்றாக வரட்டும் என்று. சண்டை போட ஆளில்லாமல் ஜெயித்துவிட்டேன் என்று ஒருநாள் அவரிடமே சொன்னேன். "சரி" என்றார்.

சரி. அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சு போய்விட்டது, இந்த ஒன்று மட்டும் எப்படியோ தொண்டைக்குள் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, சாமியார் வந்தாலும் சரி, வாசலில் பெல் அடித்தாலும் உள்ளேயிருந்து சரி. உள்ளே வேறு என்னென்னவோ சொல்லுகிறார், வெளியே வரும்போது இதுவாகிவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். அது எனக்குத் தெரியும். ரீகனுக்கும் தெரியும். சென்னையிலிருந்து வந்தவன் படுக்கைக்குப் பக்கத்தில் குனிந்து, "அப்பா, சிஸ்டருங்க நடத்துற இல்லத்துல உங்கள நல்லாப் பாத்துக்குவாங்க, போறீங்களாப்பா" என்று கேட்டான். அவர் சரி என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "எம்மா, அப்பாவே சரின்னுட்டாங்கல்லா" என்றான். அவன் கண் கலங்கித்தான் இருந்தது. பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் நம்ப விரும்பினான், நானும் நம்ப விரும்பினேன். வேறு வழி என்ன இருந்தது. இராத்திரியானால் அவரோடு மல்லுக்கட்ட முடியவில்லை. இடது கைக்கு உயிர் இருக்கிறதே, அந்தக் கையால் துணியை இழுப்பார், மார்பு மேலே சுருட்டுவார், நான் சரிசெய்வேன், திரும்ப இழுப்பார். கால் வெளியே தெரியும், போர்த்துவேன், அதையும் இழுப்பார். விடிய விடிய. கட்டில் கம்பியைத் தட்டுவார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்து பார்த்துவிட்டு என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "அக்கா, மனசைத் தேத்திக்கிடுங்க. துணியை இழுக்க ஆரம்பிச்சிட்டாக. எங்க மாமாவும் இப்படித்தான் இழுத்தாக." எனக்குத் தெரியாதா. எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான், சாகப்போகிறவன்தான் துணியைச் சுருட்டுவான், பயணத்துக்கு மூட்டை கட்டுகிறான் என்று. நானும் அதைத்தான் நினைத்தேன். சாமியாரை அழைத்துவந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை பூசினோம். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் வைத்து ஜெபம் சொன்னார், அரைமணி நேரம் இவர் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தார், முகமெல்லாம் தெளிந்திருந்தது. பூசினதும் சாந்தமாயிட்டாக பாருங்க என்று எல்லோரும் அழுதார்கள். சாமியார் போனதும் திரும்ப இழுக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் சாகவில்லை. ஆளாளுக்குக் குறித்துக் கொடுத்த நாள் கடந்து, வாரம் கடந்து, இழுத்துக்கொண்டே இருந்தார்.

கவனிக்க வைத்த முதல் பெண் இரண்டு வாரத்தில் போய்விட்டாள். அடுத்தவள் அதுகூட இல்லை. "அக்கா, பகல்ல எது வேணா செய்யுதேன், ராத்திரி பூரா ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாம என்னால ஆவாது" என்று பையைத் தூக்கிக்கொண்டாள். அவள் மேல் தப்பில்லை. பிறகு நானே தூக்கினேன், புரட்டினேன், துடைத்தேன். மெலிந்துதான் போயிருந்தார், ஆனாலும் ஆம்பளை உடம்பு. ஒருநாள் புரட்டும்போது அடிவயிற்றில் எதுவோ கழன்ற மாதிரி இருந்தது. கர்ப்பப்பை இறங்கிவிட்டது, எடுத்தாகவேண்டும், இனிமேல் ஒரு குடம்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். நாளை மறுநாள் எனக்கு ஆபரேஷன். அதனால் இன்றைக்கு அவருக்கு இல்லம். ஆபரேஷன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான் ரீகன். பிறகு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். போன வாரம் நான் போய் அந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமாக இருந்தது. நீளமான ஹால், வரிசையாகக் கட்டில், மேலே வரிசையாக ஃபேன், ஜன்னல் வழியாக வேப்பமரம். சிஸ்டர் தங்கமானவள், இவருக்கு என்னென்ன பிடிக்கும் என்று கேட்டாள். சாளைக் குழம்பு, சுக்குக் காப்பி, வானொலியில் பழைய பாட்டு என்றெல்லாம் சொன்னேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறின பிறகு எதையோ சொல்ல மறந்த மாதிரி இருந்தது, என்னவென்று நினைவுக்கு வரவில்லை.

இரண்டு கையும் போய்விட்டது. இனி முடியாது. அட்டையை மடியில் போட்டேன். முதுகில் வேர்வை ஓடுகிறது, ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது, வீடு வெந்துகொண்டிருக்கிறது, கோயிலில் பன்னிரண்டு மணி ஜெபத்துக்கு மணி அடிக்கிறது. நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, கை பக்கத்தில் மலர்ந்து, துணி இடுப்பிலேயே கிடந்தது. கை சும்மா கிடந்தது. எனக்கு முதலில் பயம்தான் வந்தது. மூக்கருகில் விரலை வைத்தேன், மூச்சு வருகிறது, சூடாக வருகிறது. அப்பாடா என்று இருந்தது. இப்படித் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாகிறது. போகிற அன்றைக்குத் தூங்குகிறார், அலைச்சல் தீர்ந்ததென்று நினைத்துக்கொண்டாரோ, இவளிடமிருந்து விடுதலை என்று நினைத்துக்கொண்டாரோ. பாவம், வேர்க்குமே. திரும்ப அட்டையை எடுத்து விசிறினேன். பத்து வீச்சு இருக்கும். கண்ணைத் திறக்காமலே இடது கை நகர்ந்தது. துணியின் ஓரத்தைத் தேடியது. பிடித்தது. மார்புக்கு இழுத்தது. நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் விரல் தளர்ந்து துணி நழுவியது. திரும்ப விசிறினேன். இழுத்தது. நான் அட்டையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசிறவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. சாமியார் வந்த அன்றைக்கு மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. ஸ்டெல்லாதான், அக்கா ஃபேனை நிறுத்துங்க, திரி நிக்க மாட்டேங்குது என்றாள். நான்தான் நிறுத்தினேன். அரைமணி நேரம் சாந்தமாக இருந்தார். சாமியாரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்ததும், ஐயோ வேர்க்குமே என்று நான்தான் போட்டேன். ஐந்தில்.

குளிர். வெறும் குளிர். அந்த மனுஷன் மூட்டை கட்டவில்லை, எமனைப் பார்க்கவில்லை, போர்வையைத்தான் இழுத்திருக்கிறார். போத்திக்கிட்டுப் படுங்க என்று நான் சொன்னதைத்தான் ஒற்றைக் கையால் செய்துகொண்டிருந்தார், நான் அதைச் சரிசெய்து சரிசெய்து இடுப்புக்கு இறக்கிவிட்டேன். குளிருகிற மனுஷனுக்கு அவஸ்தை பூசியிருக்கிறோம். ஏட்டி அதைக் கொறச்சு வையி, ஏட்டி அதைக் கொறச்சு வையி, விடிய விடிய அதைத்தான் சொல்லியிருப்பார், வெளியே வரும்போது சரி சரி என்று வந்திருக்கும். நான் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன், நல்ல காற்று என்று. அவர் எழுந்துபோய்த் திருகுகிற நான்கு டக் எங்கே போனது என்று ஒரு இராத்திரியாவது எனக்குத் தோன்றியதா. அந்தப் பெண் தூங்கியிருப்பாள், போயிருக்க மாட்டாள். அவள் போகாவிட்டால் நான் தூக்கியிருக்க மாட்டேன். நான் தூக்காவிட்டால் எனக்கு வயிறு இறங்கியிருக்காது. வயிறு இறங்காவிட்டால் இன்றைக்கு வண்டி வராது. திரும்பத் திரும்ப அந்தக் கறுப்புப் பெட்டியில் போய்த்தான் முட்டுகிறது. ஒரு திருகு. கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் சுவரில் இருக்கிறது. ஒருவேளை அப்படியில்லையோ, கையெல்லாம் தானாக ஆடுமோ, டாக்டர் நரம்பு என்றாரே, வெயில் மயக்கத்தில் நானே கற்பனை செய்கிறேனோ. கரண்ட் வரட்டும், பார்த்துவிடலாம். வராமலே இருக்கட்டும். ரீகனுக்குச் சொல்லவேண்டும் என்று போனை எடுத்தேன். அழைத்தேன், ஒருமுறை அடித்தது, "எம்மா, மீட்டிங்ல" என்றான். "ஏல, அப்பாவுக்குக் குளிருதுல" என்றேன். "என்னம்மா, இந்த வெயில்லயா" என்றான், போன் இருட்டாகிவிட்டது. அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

எப்போது அழுகை நின்றது, எப்போது நேரம் போனது, தெரியாது. அலமாரிக்கு மேலே கிடந்த கம்பளியை எடுத்து உதறிக்கொண்டிருந்தேன், ஃபிரிட்ஜ் உலுக்கியது, பெட்டி உறுமியது, தலைக்கு மேலே இறக்கை மூன்றும் மெதுவாக நகர்ந்து, ஒன்றாகி, மறைந்தன. நான் ஓடிப்போய்த் திருகவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன், மாதாவே நான் நினைத்தது பொய்யாகப் போகட்டும் என்று. கை எழுந்தது. துணியைத் தேடியது. இழுத்தது. கழுத்துவரை இழுத்து, விரலுக்குள் சுருட்டி, தாடையோடு வைத்து அழுத்திக்கொண்டது. கால் வெளியே வந்துவிட்டது, காலையும் மடக்கப் பார்க்கிறார், ஒன்றுதான் மடங்குகிறது. போய்த் திருகினேன். டக். டக். டக். டக். அவர் கண்ணைத் திறந்தார். சத்தம் வந்த திசையைப் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்த்தார், சுவரையும் என்னையும். "குளிருதா" என்று கேட்டேன். "சரி" என்றார். "இவ்வளவு நாளும் குளிருச்சா." "சரி." "அங்க போவண்டாம், என்ன. இஞ்சயே இருங்க." "சரி." "போயிருவீங்களா." "சரி." நான் அவருடைய இடது கையைப் பிடித்து என் கழுத்தில் வைத்துக்கொண்டேன், அங்கேதான் சூடு இருந்தது. தோசைக்கல்லுக்கு மேல் விரித்த கை. இந்தக் கையைத்தான் கரண்டியைக் காட்டி விரட்டினேன். இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தார். அனுப்ப மாட்டேன், வாசலைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடுகிறேன், ஆபரேஷனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவரைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் படுக்கவைக்கத் தோளுக்கடியில் கை கொடுத்தேன். அடிவயிற்றில் சுரீரென்று இழுத்தது, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு வலி போகிறவரை நின்றேன். வாசலில் பெல் அடித்தது. கரண்ட் வந்துவிட்டதால் அடித்தது.

இரண்டு பேர் வந்திருந்தார்கள், வெள்ளைச் சட்டை, மரியாதையான பிள்ளைகள், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். அவரைத் தூக்கியது பூவைத் தூக்குகிற மாதிரி இருந்தது, அது எனக்கு வரவில்லையே. கொஞ்சம் இருங்க தம்பி என்றேன். பீரோவின் அடித்தட்டில், பழைய சேலைகளுக்கு அடியில் கிடந்தது, குரங்குக் குல்லாய், பூச்சி அரித்து ஒரு காதோரம் ஓட்டை. அவர் தலையில் மாட்டி இரண்டு பக்கமும் இழுத்துவிட்டேன். மீதியை அவரே இழுத்துக்கொண்டார், ஒற்றைக் கையால், காது மூடுகிறவரை. கம்பளியைக் கழுத்துவரை போர்த்தினேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்த வெயிலுக்கா பாட்டி" என்றான். "அவருக்குக் குளிரும்" என்றேன். எத்தனையோ வருஷத்தில் அவர் பக்கம் நின்று நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வண்டிவரை கூடவே போனேன், ஸ்டெல்லா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடியட்டும், நடக்கமுடிந்த அன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன், ராத்திரிக்கு ஆள் வைத்துக்கொள்வேன், இனிமேல் யார் வந்தாலும் தூங்குவார்கள். ஆனால் அதுவரை. கதவைச் சாத்தப்போனவனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, அங்க ஃபேனை மட்டும் ஒண்ணுல வைக்கச் சொல்லுங்கய்யா. மறந்திராதீங்க." அவன் என் கையைத் தட்டிக்கொடுத்தான். "அங்க நம்பரெல்லாம் கெடையாது பாட்டி. ஹாலுக்கே ஒரு சுவிட்சு, போட்டா எல்லாம் ஓடும். கவலயே படாதீங்க, தாத்தாவுக்கு ஃபேனுக்கு நேர் கீழ உள்ள கட்டிலாப் பாத்துத் தாரோம், நல்லா சில்லுன்னு காத்து வரும்."

உள்ளேயிருந்து அவர், "சரி" என்றார்.